அடிக்கடி நின்றுபோகும் சேர்வர்

அக்கரைப்பற்று பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். அவன் கல்முனையில் ஏறியதிலிருந்து ஃபோனில் வாடகைக்கு மலிவான கம்ப்யூட்டர் சேர்வர் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

“அடிக்கடி நிண்டு போறதாப் பாத்து எடுங்க,” என்றாள் மனைவி.

“என்ன புள்ள கதைக்கிறாய்? ஷிபானா கொழும்புல, நான் இஞ்ச. ரெண்டு பேரும் சேந்து எழுதுற சொஃப்ட்வெயார் முழுக்க அதுலதான் இரிக்கப் போகுது.”

“அதுக்குத்தான் செல்றன். அது நிண்டாத்தான் நீங்க அவட வேலய விட்டுட்டு எழும்புவீங்க.”

“நிண்டா அவ உடனே கோல் எடுப்பா. அது சரியாகுமட்டும் ரெண்டு பேரும் ஃபோன்ல கதைச்சிட்டேதான் இரிக்கணும்.”

பாலமுனை தாண்டும்போது அவள் அவனுடைய ஃபோனை எட்டிப் பார்த்தாள்.

“வில கூடினாலும் பரவாயில்ல, நிக்காததையே எடுங்க,” என்றாள். “காசு பத்தாட்டி என்ட காப்பு இரிக்கி.”