ஈரக்குடை எழுந்து நிற்கட்டும்

மேடையில் இருக்கும், நாடகக் குழுவுக்கும் விழாக் குழுவுக்கும் தலைவரான இத்வால் அவர்களே, போதகர் அவர்களே, இந்த மழையிலும் நினைவஞ்சலிக்கு வந்து நம் தேவாலயக் கூடத்தை நிறைத்திருக்கும் ஊர்ப் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

நெஸ்டா பென்ரி அம்மையாரிடம் நான் முதன்முதலில் கவனித்தது அவருடைய குதிகால்களை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இதே கூடத்தில், நம் ஊர் ஐஸ்டெத்வோட் கலைப்போட்டி விழாவில், அவருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாடகம் எழுதும் போட்டிக்கு முடிவு சொல்லும் நேரம். வென்றவரின் புனைபெயரை மட்டும்தான் நடுவர் கூப்பிடுவார். அந்தப் பெயர் யாருடையது என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. உரியவர் கூட்டத்திலிருந்து எழுந்து நின்றால்தான் தெரியும். நடுவர் வாயைத் திறந்தார். எனக்கு முன்னால் இருந்த கறுப்புக் காலணிகளின் குதிகால்கள் தரையை விட்டு ஒரு விரற்கடை உயர்ந்தன. பெயரைக் கூப்பிட்டார். வேறு ஒருவர் எழுந்தார். குதிகால்கள் சத்தமில்லாமல் கீழே இறங்கின. அன்று எல்லோருக்கும் முன்னால் கை தட்டியவர் அவர்தான்.

அடுத்த வருடமும் பார்த்தேன். அதற்கடுத்த வருடமும் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. நான் எதையும் யாரிடமும் சொல்லாதவள் என்பது உங்களுக்குத் தெரியும். இன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நடிகை நெஸ்டா பென்ரியை அறியாதவர் இங்கே உண்டா? குவாரித் தொழிலாளியின் மகளாகப் பிறந்து, பத்தொன்பது வயதில் ஒரே ஒரு பெட்டியோடு கார்டிஃப்புக்குப் பஸ் ஏறியவர். "இந்தப் பேர வச்சுக்கிட்டு லண்டன்ல நடிக்க முடியாதும்மா" என்று ஒரு நாடகக் கம்பெனி முதலாளி சொன்னபோது, "அப்போ லண்டனுக்குத்தான் நஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தவர்! தேவாலயக் கூடம், பள்ளிக்கூடம், ஆட்டுச் சந்தைக் கொட்டகை என்று நாற்பது நாற்காலி போட இடமிருந்த இடமெல்லாம் நம் மொழியில் நாடகம் போட்டவர். ராணியாக வந்தார், நம்பினோம். பால்காரியாக வந்தார், நம்பினோம். செத்துப்போனவளாகப் படுத்தார், முன்வரிசையிலிருந்து ஒருவர் டாக்டரைக் கூப்பிட ஓடினார்!

வானொலியில் பதினோரு வருடம் கொடுமைக்கார மாமியாராக நடித்தாரே, அதை நம்பாதவர் யார்? மூன்றாவது வரிசையில் இருக்கும் டிலிஸ் அம்மா, நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. சந்தையில் அவரை வழிமறித்து, "ஏம்மா, வயித்துப் புள்ளக்காரிய அந்தப் பாடு படுத்துறியே, நீயெல்லாம் உருப்படுவியா?" என்று நனைந்த குடையால் தோளில் ஒன்று போட்டது நீங்கள்தானே? வேறு யாராக இருந்தாலும் "அது நடிப்பும்மா" என்று சொல்லியிருப்பார்கள். அவர் என்ன கேட்டார்?

"சரி, நான் அவளுக்கு என்ன செஞ்சிருக்கணும்? நீ சொல்லு."

நீங்கள் ஒரு மணி நேரம் சொன்னீர்கள். அவர் மீன்கடையில் பொட்டலத் தாள் வாங்கி, அதிலேயே எழுதிக்கொண்டார். இப்படித்தான் அவர் நாடகம் எழுதினார். நம் வாயிலிருந்து எடுத்ததை அழகாக்கி நமக்கே திருப்பிக் கொடுத்தார்.

ஆனால் நாம் என்ன சொன்னோம்? "நடிப்புன்னா நெஸ்டாதான். எழுதுறது என்ன, அது சும்மா பொழுதுபோக்கு." இத்வால் மாமா, நீங்களும் ரொட்டிக்கடையில் வைத்து அப்படிச் சொல்லியிருக்கிறீர்கள். நான் அங்கேதான் ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். நம் குழுவுக்காக அவர் எழுதிய நாடகங்களைப் பார்த்தோம், சிரித்தோம், வீட்டுக்குப் போனோம். அது பதக்கத்துக்குரிய எழுத்து என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அந்த அம்மையார் இருபத்திரண்டு வருடம் நம் விழாப் போட்டிக்கு நாடகம் அனுப்பினார். ஆம், இருபத்திரண்டு வருடம்! தோற்றவர்களின் சொந்தப் பெயர் இருக்கும் உறைகளை நாம் பிரிப்பதில்லை. பெயர் தெரியாமல் இருப்பதே மரியாதை என்று அப்படியே அடுப்பில் போட்டுவிடுகிறோம். இந்தக் கூடத்தின் அடுப்பில் அவருடைய பெயர் இருபத்தொரு முறை எரிந்திருக்கிறது. எரிந்த நெருப்பில் போட்ட தேநீரை அவரும் நம்மோடு நின்று குடித்திருக்கிறார்.

இது எனக்கு எப்படித் தெரியும்?

பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் என் குரல் முன்பெஞ்சைத் தாண்டாது. கெத்தின் அண்ணனின் ரொட்டிக்கடையில் சேர்ந்த முதல் வாரம் நெஸ்டா அம்மையார் வந்தார். நான் விலை சொன்னேன். "சத்தமா சொல்லு பெக்கா, அத்தை காதுல விழ வேணாமா?" என்றார் அண்ணன்.

"எனக்கு விழுந்துச்சு. உனக்கு விழல இல்ல? இந்தப் புள்ளயத்தான் ஆறு மாசமாத் தேடிட்டு இருக்கேன்" என்றார் அவர். "மேடையில நிக்கிறவளுக்குக் கேக்கணும், முன்வரிசைக்குக் கேக்கக் கூடாது. வசனம் எடுத்துக் கொடுக்க வர்றியா?"

அன்றிலிருந்து திரைக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். மற்றவர்களின் வசனம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். தன் வசனத்தை மட்டும் மறப்பார்! திணறுகிறார் என்று ஒரு நாளாவது உங்களுக்குத் தெரிந்ததா? ஒரு சொல் கொடுத்தால் போதும், அதை அவரே அப்போதுதான் நினைத்தது போலச் சொல்வார்.

போன குளிர்காலத்தில் வியாழக்கிழமை மதியங்களில் அவர் வீட்டு அடுப்படியில் இன்னொரு வேலை செய்தேன். நம் ஊர்ச் சுவரொட்டி எல்லாம் அவர் எழுதியவை. அந்தக் கையெழுத்து யாருக்குத் தெரியாது?

"இருபத்தொரு வருஷம் இடது கையால எழுதி அனுப்பினேன் புள்ள. நடுவருக்கு என் கையெழுத்து தெரியாமப் போச்சு, நல்லது. என் நாடகமும் புரியாமப் போச்சு!"

அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மாமியாராக அதட்டுவார், மருமகளாக அழுவார், நடுவில் "அந்தக் கேக்க ஒரு துண்டு வெட்டு" என்பார். அதையும் நான் வசனம் என்று எழுதிவிட்டேன். "இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிட்டார். கடைசிப் பக்கத்தில் புனைபெயரும் நான்தான் எழுதினேன். உறைக்குள் இருக்கும் தாளில் மட்டும் தன் சொந்தப் பெயரைத் தன் வலது கையால் எழுதி ஒட்டினார். அப்போது ஒன்று சொன்னார்.

"இத்தன வருஷமா எழுந்திருக்கத் தயாராகித் தயாராகியே இந்த முழங்கால் தேஞ்சு போச்சு. பேரக் கூப்பிட்டா நீ முதல்ல எழுந்திரு. அப்புறம் எனக்குக் கை குடு."

"சரி அத்தை" என்றேன்.

அவர் ஒரு செவ்வாய்க்கிழமை இறந்தார். அந்தச் சனிக்கிழமை விழா. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். பெயர் கூப்பிடும் முன் எம்லின் மாமா கார்னெட் எக்காளம் ஊதினார். இந்த வருடம் புதிதாக வந்த வெளியூர் நடுவர், "பன்னிரண்டு வருஷமா நடுவரா இருக்கேன், மனுஷங்க பேசுற மாதிரியே பேசுற ஒரு நாடகத்த இப்பத்தான் படிச்சேன்" என்றார். பிறகு கூப்பிட்டார்: "ஈரக்குடை. ஈரக்குடை மட்டும் எழுந்து நிற்கவும்."

மூன்று முறை கூப்பிட்டார். பின்னாலிருந்து ஒருவர், "வெளிய பேயுற மழைக்கு எல்லார் குடையும் ஈரம்தான்யா!" என்றார். கூடமே சிரித்தது. என் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. கூட்டம் முழுவதும் திரும்பித் திரும்பித் தேடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தை முடிக்காத ரொட்டிக்கடைப் பெண் எழுந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன். என் குதிகால்கள் இறங்கிவிட்டன.

அவர் எத்தனை முறை தோற்றார்? இருபத்தொரு முறை. ஜெயித்த ஒரே முறை அவரைத் தோற்கடித்தது நான்.

இத்வால் மாமா, "யாரும் எழுந்திருக்கல, விதி விதிதான்" என்று நீங்கள் உறையை மூடியபடியே எடுத்து வைத்தீர்கள். வரும் திங்கட்கிழமை விழாக் குழு கூடி அதையும் அடுப்பில் போடப்போகிறது. வர முடியாதவருக்காக அவர் சொல்லி வைத்த ஒருவர் சபையில் எழுந்து நிற்கலாம் என்பதும் நம் விதிதான். நோயாளிக்காக என்று எழுதியிருக்கிறது. இறந்தவருக்குக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை. போன வாரம் விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்துவிட்டேன்.

உறையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே என் பெயர் இருக்காது.

நெஸ்டா பென்ரி நடிகை. நெஸ்டா பென்ரி எழுத்தாளர். இந்த இரண்டையும் இனி யாரும் பிரித்துச் சொல்ல வேண்டாம். வரும் குளிர்காலத்தில் அந்த நாடகத்தை இதே கூடத்தில் போடுவோம். டிலிஸ் அம்மா, அந்தக் குடையைக் கொஞ்சம் இரவல் கொடுங்கள். யார் நடித்தாலும் சரி, எந்த இடத்தில் திணறினாலும் சரி, திரைக்குப் பக்கத்தில் புத்தகத்தோடு நான் இருப்பேன்.

எம்லின் மாமா கார்னெட் கொண்டுவரவில்லை, பரவாயில்லை. இத்வால் மாமா, அந்தப் பெயரை இன்னொரு முறை கூப்பிடுங்கள். உட்கார்ந்திருப்பவர்தான் எழுந்து நிற்க முடியும்.

அதனால் நான் இப்போது போய் என் இடத்தில் உட்காருகிறேன்.