அரசரின் வீட்டில் பேசும் மொழி

“செத்தாப் பிறகு தன்ர நாய்களுக்குப் பக்கத்தில புதைக்கச் சொன்ன ராசா, அக்கா. அதுதான் எனக்கு அவரைப் பிடிக்கும்.”

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் அரண்மனைக்குப் போகும் பேருந்து. முன்னிருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். இளையவருக்கு இன்று அந்த அரண்மனையில் வழிகாட்டி வேலைக்கான தேர்வு. தேர்வாளர்கள் முன் அரசர்களின் வரலாற்றை டொச், அதாவது ஜெர்மன் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும்.

“ஹோஹென்சோலர்ன் குடும்பத்து ராசாக்களை வரிசையாச் சொல்லு பாப்பம்.”

“பிரீட்ரிஷ், பிரீட்ரிஷ் வில்ஹெல்ம், திரும்பப் பிரீட்ரிஷ், திரும்பப் பிரீட்ரிஷ் வில்ஹெல்ம்...”

“பேர் வைக்கவும் பஞ்சிப்பட்ட சோம்பேறிக் குடும்பம்!”

“பகிடி விடாதேங்கோ. நாய் வளர்த்த பிரீட்ரிஷ் பெரிய ஆள். சண்டையும் பிடிச்சவர், புல்லாங்குழலும் வாசிச்சவர். இந்த அரண்மனையை இப்பிடித்தான் கட்ட வேணுமெண்டு தானே படம் கீறிக் குடுத்தவர்.”

“எல்லாம் தெரியுது. பிறகேன் பயப்பிடுறாய்?”

“என்ர டொச்தான் தடக்குது, அக்கா. சோதிக்கிற ஆக்கள் சிரிச்சுப்போட்டினம் எண்டால்?”

“அந்த ராசா டொச் நல்லாக் கதைப்பாரோ?”

“இல்லை. அவருக்குப் பிரெஞ்சுதான் விருப்பம். டொச் அரைகுறை.”

“அப்ப என்ன பயம்? அவற்ர வீட்டில அவரைவிட வடிவா நீ கதைக்கப் போறாய். எழும்பு, இறங்குவம்.”

இளையவர் சிரித்துக்கொண்டே முதலில் இறங்கினார்.