கற்றாழைக் கட்டு சுமந்த தோளுக்கு

ஊருணி காத்த உத்தமரே! ஓடை வழி நடந்து ஓயாத கால்களுக்கு உரியவரே! மீமிசலில் பணி நிறைவு பெறும் சுகாதார ஆய்வாளர் ஆத்மநாதன் அய்யா அவர்களே! முன்னர் தங்களோடு உழைத்த இலுப்பூர் வட்டாரச் சுகாதார ஊழியர்கள் வணங்கி வாசிக்கும் மடல் இது.

பொன்னென்றும் பூவென்றும் புகழ்ந்தால் அய்யா எழுந்து போய்விடுவார். ஆகவே கோரைப்பட்டியில் நடந்ததைச் சபைக்குச் சொல்லிவிடுகிறோம்.

1958இல் ஒரு கோடைமழைக்குப் பின், அவ்வூரின் குடிதண்ணீர் ஊருணி பச்சை பூத்து நாறியது. நாங்கள் மருந்துத் தூளை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றினோம், நாற்றம் நகரவில்லை. அய்யாவோ, ஊருணிக்கு நீர் கொண்டுவரும் ஓடையோடு மேலே நடந்தார். ஓடைநீரின் வண்டலை வடிகட்டித் தரும் கோரைப் பள்ளம் அங்கே மிதிபட்டுக் கிடந்தது. நார் உரிப்பதற்காக அதில் கற்றாழை மட்டைகளை ஊறப்போட்டிருந்தார்கள். அழுகிய சாறு அப்படியே ஊருணிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

வழக்குப் போடு என்றது மேலிடத்து உத்தரவு. நார் உரிக்கும் பெண்களுக்கு முன்னால் வந்து, ராக்காயி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“நார உரிச்சாத்தான் எங்க வீட்டுல ஒல கொதிக்கும். ஒங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம்! இந்தத் தண்ணியத்தானே நாங்களும் குடிக்கிறோம்?”

“ஒம் மக எப்படி இருக்கா?” என்றார் அய்யா. இளையவள் செவந்தி பேதியில் சுருண்டு கிடந்தது அவருக்குத் தெரியும்.

ராக்காயிக்குக் குரல் இறங்கியது. “நீங்க குடிப்பீங்களா?”

“மாட்டேன் ஆத்தா. பொய் சொல்ல மாட்டேன். ஊருக்குக் கீழ, கல்லு வெட்டுன பள்ளத்துல தண்ணி நிக்குது. மட்டை அங்கிட்டு ஊறட்டும்.”

“அம்புட்டுத் தூரம் யாரு சுமக்கிறது, ஒங்க சர்க்காரா?”

அய்யா சட்டையைக் கழற்றி வேலியில் போட்டார். அழுகல் ஒழுகும் மட்டைக் கட்டு ஒன்றைத் தோளில் ஏற்றினார். கற்றாழைச் சாறு பட்டால் தோல் என்ன பாடுபடும் என்பதை, கிராமத்தில் கூலிக்கு மண் சுமந்து வளர்ந்தவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மூன்றாம் நடைக்குள் தோள் தடித்துச் சிவந்தது.

“இன்ஸ்பெட்டரய்யா, சொறிஞ்சுவிட ஆளு வேணுமா?” என்றாள் ஒருத்தி.

“நாலு பேரு வேணும். மொதல்ல கட்டத் தூக்குங்க!”

சிரித்த கைகளே கட்டுகளைத் தூக்கின. வெட்கப்பட்டு எங்கள் கைகளும் தூக்கின. நிழலில் நின்று பார்த்த ஊர்த் தலைவர், அம்பலம் அய்யாக்கண்ணு, “நாளையிலருந்து என் வண்டிய அனுப்புறேங்க” என்று தாமே சொன்னார். மிதிபட்ட கோரையை நிமிர்த்தி நட்டு, மாடு நுழையாமல் முள்ளடைத்த பிறகே அய்யா சட்டையை எடுத்தார்.

வழக்குப் போடாத குற்றத்துக்கு வந்தது மாற்றல். கோரை தழைத்ததை அவர் பார்க்கவில்லை. நாங்கள் பார்த்தோம்! ஐப்பசி மழையில் செம்மண் குழம்பாய் ஓடிவந்த வெள்ளம், அந்தப் புல்லுக்குள் தவழ்ந்து தணிந்து, ஊருணியில் தெளிந்து தளும்பியது. ஒரு மனிதர் புல்லை நம்பினார். புல் ஓர் ஊரைக் காத்தது. இன்றுவரை ஊரார் அந்த முள்ளை மாற்றி அடைத்துவருகிறார்கள்.

அய்யா, இன்று விருந்துக்குக் கலர் சோடா வாங்கவில்லை. மேடையில் இருப்பது ராக்காயி சுமந்துவந்த ஊருணித் தண்ணீர். செம்போடு பக்கத்தில் நிற்பவள் செவந்தி. “அய்யா மொதல்ல குடிக்கட்டும்” என்று, எங்களில் ஒருவரையும் அவள் குடத்தைத் தொடவிடவில்லை.

நோயறியாமல் நெடுங்காலம் நடமாடுங்கள்! அன்று மறுத்த தண்ணீரை இன்று குடியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் முறை முடியட்டும் என்று தாகத்தோடு நிற்கும்
இலுப்பூர் வட்டாரச் சுகாதார ஊழியர்கள்
1964