மூட்டத்துக்குள் ஆட்டமிழந்தவன்

மலைக்காற்றை மறித்துக் கட்டிய இந்தப் பந்தலின் கீழ், மாலைகளோடும் மகிழ்ச்சியோடும் கூடியிருக்கும் பெரியோர்களே! விழாவுக்குத் தலைமை தாங்கும் எங்கள் தோட்டத் தலைவர் பொன்னையா அவர்களே! கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த கையோடு ஓடி வந்திருக்கும் மேட்டு லயத்துத் தாய்மார்களே, பள்ளத்து லயத்துத் தாய்மார்களே! அக்கரப்பத்தனையில் கடையை மூடிவிட்டு வந்து பின்வரிசையில் நிற்கும் ரிஸ்வி தம்பி அவர்களே! கோட்டுப் போட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டு, மேடையின் நடுவே வீற்றிருக்கும் போட்டி அமைப்பாளர் ஐயா அவர்களே! உங்களுக்கு மட்டும் தனியாக ஒரு வணக்கம். ஏன் தனி என்பது போகப் போகத் தெரியும்.

“ரெண்டே வார்த்தை பேசிட்டு கோப்பையக் குடுங்க, மீனம்மாக்கா” என்று என்னை அழைத்தார்கள். கோப்பை வாங்கப் போகிறவன் யார்? என் மகன் வயிற்றுப் பேரன் கிஷாந்த். பெருமை இல்லையா? இருக்கிறது! ஐந்தாம் வகுப்போடு கொழுந்து பறிக்க மலையேறிய எனக்கு, அவன் அடித்த பந்து தேயிலைக்குள் போய் விழுந்த ஒவ்வொரு தடவையும் நெஞ்சு ஒரு முழம் உயர்ந்தது. ஆனால் அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று கிழமையாக எழுந்து போக மாட்டேன் என்கிறது.

பந்தயக்காரன் சொல்கிறபடி ஆட்டக்காரன் ஆடுவதை ஆட்ட நிர்ணய சதி என்று பத்திரிகையில் போடுகிறார்கள். அதெல்லாம் கொழும்பில், கோடி கோடியாய்ச் சம்பாதிக்கிறவர்கள் வீட்டுச் சமாச்சாரம் என்று நினைத்து, அந்தப் பக்கத்திலேயே நாம் வடையைச் சுருட்டித் தின்றோம்.

சந்தேகப்படத் தெரியாத சனங்களா நாம்? கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், சாக்கைத் தொங்கவிடும் முன்பே தராசு முள் ஒரு நூல் விலகி நின்றால் விடுவோமா? “ஐயா, மொதல்ல முள்ளச் சரி பண்ணுங்க, பொறகு நிறுங்க” என்று மல்லுக்கு நிற்போமே! அந்தக் கண்ணை மைதானத்துக்கு வரும்போது ஏன் லயத்து வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்தோம்?

ஐந்து நாள் போட்டி நடந்தது. கெமரா வந்தது, கலர் சட்டை வந்தது, காலுக்குப் புதுச் சப்பாத்து வந்தது. சட்டையில் எந்த ஊர்ப் பெயர் இருந்தது? நானும் எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். இந்த மலைநாட்டில் இல்லாத ஊர்! கெமரா நம் பக்கம் ஒரு தடவையாவது திரும்பியதா? பந்தைப் பார்த்தது, விக்கெட்டைப் பார்த்தது, நம் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நாம் கை தட்டினால், “சத்தம் போடாதீங்கம்மா” என்றார்கள். நம்மை அடக்கிவிட்டு, ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளிருந்து யாரோ கை தட்டுகிற சத்தத்தைப் போட்டார்கள். ஏன்? நடுவர் ஒவ்வொரு தடவையும் காதில் மாட்டிய வயரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தானே விரலைத் தூக்கினார். ஏன்?

என்ன பிள்ளை, சிரிக்கிறாய்? நீயும் பார்த்தாயா? பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டுதானே இருந்தாய், என்னைப் போல!

கடைசி நாளுக்கு வருகிறேன். கிஷாந்த் முப்பத்தொரு ஓட்டம் எடுத்து நிற்கிறான். மேற்கு மலையிலிருந்து மூட்டம் இறங்கியது. இறங்கியது என்றால் எப்படி? பந்து தெரியவில்லை, விக்கெட் தெரியவில்லை, நீட்டிய கை தெரியவில்லை. ஆட்டத்தை நிறுத்தினார்கள். என் பேரன் மடுவத்துத் தாழ்வாரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பணிஸ் தின்கிறான். அப்போது ரிஸ்வி தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

“என்னம்மா, ஒங்க பேரன் அவுட்டாமே! முப்பத்தேழுல கேட்ச் குடுத்துட்டானாம்!”

“கண்ணு என்ன அவிஞ்சா போச்சு தம்பி? இந்தா, பக்கத்துல உக்காந்து முழுங்கிக்கிட்டு இருக்கான்!”

“அப்ப இது என்னம்மா? போன்ல மெச் ஸ்கோர் ஓடுதே!”

பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது! இங்கே ஆடுகிறவன் பணிஸ் தின்கிறான்; அங்கே ஓட்டம் ஏறுகிறது, விக்கெட் விழுகிறது! எங்கோ உட்கார்ந்து போனுக்குக் கணக்குத் தட்டியவனுக்கு எங்கள் மலையின் மூட்டம் தெரியவில்லை. அவன் பாட்டுக்குப் பந்தயக்காரன் கொடுத்த பட்டியலைப் பார்த்துத் தட்டிவிட்டான். சாக்கு ஏறும் முன்பே எடையை எழுதிவிட்டார்கள், தாய்மார்களே!

அரை மணி கழித்து மூட்டம் விலகியது. ஆட்டம் தொடங்கியது. பூப்போல ஒரு பந்து. கிஷாந்த் ஆறு ஓட்டம் அடித்தான், முப்பத்தேழு. அடுத்த பந்தை, குழந்தைக்குப் பலூன் கொடுப்பது போல, எதிராளி கையில் தூக்கிக் கொடுத்தான். எல்லாரும் “ஐயோ” என்றீர்கள். நான் மட்டும் ரிஸ்வி தம்பியின் போனைத் திரும்பிப் பார்த்தேன்.

அமைப்பாளர் ஐயா, எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள். ஹட்டன் பஸ் ஆறு மணிக்குத்தான்.

அதோ அந்த மேசையில் ஒரு கடதாசி இருக்கிறது. அடுத்த போட்டியை நடத்துகிறவர்கள் நம் பிள்ளைகள்தான், பொறுப்பாளர் கிஷாந்த்தான் என்று எழுதியிருக்கிறது. நேற்றே ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். ஐயாவின் பெயர் அதில் எங்குமே இல்லை! கோப்பை கொடுத்ததும் கையெழுத்தாம். நாளை பொலிஸ் வந்து கேட்டால் யாரைக் கூட்டிப் போகும்? கோட்டுப் போட்டவரையா? புதுச் சப்பாத்துப் போட்டவனையா?

கிஷாந்த், எழும்புடா. கொழும்புக் கழகத்துல சேத்து விடுறோம்னு சொன்னாங்க, நீயும் நம்புன. அதுக்காக நான் ஏசல. சபைக்கு முன்னாடி ஒன்னு மட்டும் கேக்குறேன். அந்தப் பந்த நீயா தூக்கிக் குடுத்த?

…சத்தமா சொல்லு. எனக்குக் கேட்டுருச்சு, கடைசி வரிசைக்குக் கேக்கணும்.

கேட்டீர்களா? “நடுவர் வந்து காதுல சொன்னாரு அப்பாயி. ஆறு அடிச்சுட்டு அடுத்ததுல அவுட்டாகிடுன்னாரு. செஞ்சாத்தான் கொழும்புன்னாரு.” சொல்லிவிட்டான்! குனிந்த தலையோடுதான் சொன்னான், ஆனாலும் சொல்லிவிட்டான். இப்போது உயர்கிறது என் நெஞ்சு!

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தக் கோப்பையை நான் கொடுக்க மாட்டேன். அந்தக் கடதாசியில் என் பேரன் கையெழுத்து விழாது. அதை எடுத்துக்கொண்டு நாளைக் காலை நானும் அவனும் பொலிசுக்குப் போகிறோம். நீங்களும் கூட வர வேண்டும். அவன் செய்ததையும் அவன் வாயாலேயே சொல்லட்டும். அதற்கு என்ன வந்தாலும் வரட்டும், பக்கத்தில் நான் நிற்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தை நம் மைதானத்தில் விட்ட இடத்திலிருந்து ஆடி முடிப்போம். கெமரா வேண்டாம், காதில் வயர் வேண்டாம், பெட்டிக்குள் கைதட்டு வேண்டாம். தாய்மார்களே, தொண்டை கிழியக் கத்துங்கள்!

பொறுமையாய்க் கேட்ட சபைக்கு நன்றி. போனை நீட்டிய ரிஸ்வி தம்பிக்கு நன்றி. நேரம் பார்த்து இறங்கிய எங்கள் மூட்டத்துக்கும் நன்றி. மூட்டம் மூடியபோது கிஷாந்த் எடுத்திருந்தது முப்பத்தொன்று. அவன் இன்னும் ஆட்டமிழக்கவில்லை.

வணக்கம்.