ஏச்சுக்கொல்லை மண்ணு

ரொம்பக் காலத்துக்கு முந்தி, பாய் விரிச்சா கரையிலேர்ந்து அரை நாள் தூரத்துல ஒரு தீவு. தாழைத்தீவுன்னு பேரு. சுத்தித் தண்ணி, நடுவுல மணலு. அந்த மணல்ல பனையும் தாழையும் தவிர ஒண்ணும் முளைக்காதாம். அரிசி வேணுமா, கரைக்குப் போ. கீரை வேணுமா, கரைக்குப் போ. ஒரே ஒரு பச்சமொளகா வேணுமா, அதுக்கும் பாயை விரி.

வாடைக்காத்து அடிச்சா ரெண்டு மாசம் படகு ஓடாது. அந்த ரெண்டு மாசமும் காலையில மீனு, மத்தியானம் மீனு, ராத்திரிக்கு மத்தியானத்து மீனு.

அங்க இன்னாசியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். அவ மக சூசம்மாவுக்குப் போன வாடையிலதான் மொதப் புள்ளை வகுத்துலயே போச்சு. இப்ப மறுபடி மாசமா இருக்கா. "புள்ளை தங்கணும்னா மீனு மட்டும் பத்தாது, கஞ்சியும் கீரையும் உள்ள போகணும்"னு மருத்துவச்சி சொல்லிட்டா. வாடைக்கு அஞ்சு மாசம்தான் இருக்கு.

இன்னாசியம்மா யோசிச்சா. கருவாடு ஏத்திக்கிட்டுப் போற படகு, திரும்பும்போது லேசா வரும். காத்துல கவுந்துறாம இருக்க அடியில கல்லைப் போட்டுக்கிட்டு வருவாக. தீவு நெருங்குனதும் அதைக் கடல்ல கொட்டிருவாக, இல்லாட்டி படகு பாறையில தட்டும். படகை ஓட்டுறவன் அவ கூடப்பொறந்த தம்பி அருளாந்து.

"தம்பி, கல்லுக்குப் பதிலா மண்ணு கொண்டா. வயக்காட்டு மண்ணு."

"அம்புட்டுத்தானக்கா."

போனாக. மண்ணு ஏத்துனாக. வந்தாக. தீவு நெருங்குச்சு. கொட்டிட்டாக.

"எங்கடா மண்ணு?"

அருளாந்து கடலைத் திரும்பிப் பார்த்தான். "கை பழகிப்போச்சுக்கா."

மறுதடவை போனாக. மண்ணு ஏத்துனாக. "கொட்டக்கூடாது, கொட்டக்கூடாது"ன்னு வழிநெடுகச் சொல்லிக்கிட்டே வந்தாகளாம். தீவு நெருங்குச்சு. கொட்டிட்டாக.

"ஏன்டா, ஆறு பேரு இருந்தீகளே. ஒருத்தன் தலைக்குள்ளயாவது ஏதாச்சும் இருந்துச்சா, இல்ல அதையும் பாரம்னு கொட்டிட்டீகளா?"

மூணாந்தடவை அவளே ஏறிட்டா. வரும்போது மண் மூட்டை மேல உக்காந்துக்கிட்டா. ஆரம்பிச்ச ஏச்சு அரை நாளும் நிக்கலையாம். தீவு நெருங்குச்சு. படகு அடி பாறையில உரசுச்சு.

"அக்கா, கொட்டலைன்னா பலகை ஒடஞ்சிரும்."

"பாரம் கொறையணும், அம்புட்டுத்தான?"

"ஆமா."

"அப்ப நீ எறங்கு."

"நானா?"

"நீயும் அந்த அஞ்சு தடியன்களும். வகுத்தைப் பாரு, ஒவ்வொண்ணும் ரெண்டு மூட்டை தேறும்."

ஆறு பேரும் இடுப்புத் தண்ணியில எறங்குனாக. படகு எழும்புச்சு. தள்ளிக்கிட்டே வந்தாக. ஒரு பிடி மண்ணு கடலுக்குப் போகல.

அதுக்கப்புறம் தடவைக்குத் தடவை இதே ஏச்சு, இதே தள்ளு. மண்ணோட கழுவுன கடப்பாசியும் மீன் கழிவும் கலந்து பாத்தி கட்டுனா. மொதல்ல தண்டங்கீரை வந்துச்சு. வாடைக்கு முந்தி கேவுரு கதிர் பிடிச்சிருச்சு.

வாடை வந்துச்சு. படகு நின்னுச்சு. கேவுருக் கஞ்சியும் கீரையுமாச் சாப்பிட்டு சூசம்மா பெத்தா. பொண்ணு. அழுகை தீவுக்கே கேட்டுச்சாம். அருளாந்து மட்டும், "அப்படியே அக்கா தொண்டை"ன்னு நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டானாம்.

அவ பாத்தி கட்டுன அந்த எடம்தான் ஏச்சுக்கொல்லை. இன்னைக்கும் வாடைக்கு அஞ்சு மாசம் முந்தி அங்க புது மண்ணு வரணும். மூட்டை மேல ஒரு பொம்பளை உக்காந்து ஏசிக்கிட்டே வரணும். ஆம்பளைக எறங்கித் தள்ளணும். மோட்டார் படகு வந்தாச்சு, சிமெண்டுல படகுத்துறையும் கட்டியாச்சு, இன்னும் எதுக்கு எறங்கணும்னு போன வருசம் நானும் கேட்டுப் பார்த்தேன். மூட்டை மேல இருந்த எங்க சித்தி என் வகுத்தை ஒரு பார்வை பார்த்தா.

எறங்கிட்டேன். கால்சட்டைப் பையில போனு இருந்தது தண்ணிக்குள்ள போனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு.