எர்த்தை முதலில் பார்க்க வேண்டும்

பழைய காரில் பாதி வியாதி எர்த்தில்தான் இருக்கும், ஐயா. பேட்டரியிலிருந்து எஞ்சினுக்குப் போகிற தடித்த கறுப்பு ஒயரைத்தான் நாங்கள் எர்த்து என்போம். அதன் போல்ட்டு தளர்ந்திருந்தாலும் விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும். சாவியைத் திருப்பினால் மட்டும் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு நிறைய வேண்டும். விவரம் தெரியாதவன் புது பேட்டரி வாங்கச் சொல்வான், மோட்டாரைக் கழற்றிப் போடுவான். நான் முதலில் எர்த்தைப் பார்ப்பேன். அதனாலேயே எங்கள் தெருவில் எனக்கு எர்த்து அண்ணன் என்று பெயர்.

மாப்பிள்ளை நல்லவர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மனைவி போன பிறகு எனக்கு மகளை விட்டால் நாதியில்லை என்று தெரிந்து, கல்யாணத்துக்குப் பிறகும் என் வீட்டிலேயே இருந்தார். அவருடைய அப்பா ஓட்டிய பழைய காரை விற்க மனமில்லாமல் வைத்திருந்தார். பிறகு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் அங்கே வீடு பார்க்கக் கிளம்புவார்கள்.

"நீங்களும் எங்களோட வந்துடுங்க மாமா. அங்க உங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கற வீடாத்தான் பார்க்கறோம்" என்றார்.

"பட்டறையை விட்டுட்டு நான் எங்கப்பா வர்றது" என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருக்கலாம்.

முதல் முறை வண்டி நின்றது என் வேலை இல்லை. போல்ட்டு தானாகவே தளர்ந்திருந்தது. நான் அதைக் கண்டுபிடித்து முடுக்குவதற்குள் வெயில் ஏறிவிட்டது, பயணத்தை விட்டுவிட்டார்கள். மகள் சமைத்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். எதிர்க்கடைத் தையல்காரர் எட்டிப் பார்த்து, "வாத்தியார் பிள்ளை மக்குங்கற மாதிரி, எர்த்து அண்ணன் வீட்டு வண்டிக்கே எர்த்து இல்லையா" என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம். அவ்வளவு நல்ல ஞாயிற்றுக்கிழமை எனக்கு வெகுநாளாக வாய்த்ததில்லை.

அதற்குப் பிறகு நானே தளர்த்தினேன். யாருக்கும் கெடுதல் இல்லை. ஒரு பயணம் தள்ளிப்போகும், மறுநாள் நானே சரிசெய்து கொடுப்பேன். அப்படிச் சரிசெய்த கடைசித் தடவை மகள் எதிரிலேயே புது வாஷர் போட்டு இறுக்கி, "இனி பத்து வருஷத்துக்குக் கவலையில்லம்மா" என்றேன். அவள் சின்ன வயதிலிருந்து என் பட்டறையில் வளர்ந்தவள். இறுக்கிய போல்ட்டைத் தானும் ஒரு முறை அசைத்துப் பார்த்தாள்.

அந்த வாரமே வீடு அமைந்துவிட்டது. சாவி வாங்கக் கிளம்புகிற நாளுக்கு முன்தினம் போல்ட்டை மறுபடியும் தளர்த்தி வைத்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல நான் யார்?

காலையில் மாப்பிள்ளைக்கு நெஞ்சு வலித்தது. சட்டை முழுக்க வியர்வை. மகள் அவரைப் பின்சீட்டில் சாய்த்துவிட்டுச் சாவியைத் திருப்பினாள். டிக்.

"அப்பா, சீக்கிரம் வாங்கப்பா."

ஸ்பேனர் என் சட்டைப்பையில் இருந்தது. ஒரு திருப்பு போதும். ஆனால் நான் நேராகப் போல்ட்டில் கைவைத்தால், போன வாரம் இறுக்கியது எப்படித் தளர்ந்தது என்று அவள் கேட்பாள். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? என் நிலைமை அதுதான், ஐயா. பானட்டைத் திறந்து பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். மீட்டரை வைத்துப் பார்த்தேன்.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமாப்பா?"

"அது வர்றதுக்குள்ள நாம ஆஸ்பத்திரி வாசல்ல இருப்போம். இதோ ஆயிடும்மா."

அவள் நம்பினாள். வண்டி விஷயத்தில் அவள் என் பேச்சை மீறியதே இல்லை. தையல்காரர் ஓடி வந்து, "அண்ணே, ஆளுக்கொரு கை போட்டுத் தள்ளிடலாமா?" என்றார். தள்ளியிருந்தால் ஓடியிருக்கும். அந்தக் கோளாறுக்குத் தள்ளினாலே போதும். நான்தான் எஞ்சின் பெல்ட் அறுந்துவிடும் என்று சொல்லித் தடுத்தேன்.

பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "மாமா, பதறாதீங்க. நிதானமாப் பாருங்க." அவர் சுபாவம் அப்படி.

இவர் போய்விட்டால் அவள் இங்கேயே இருப்பாளே என்று அப்போது நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். நினைத்தேன். மீட்டரைக் கீழே வைக்கும்போது அந்த நினைப்பு வந்தது. வந்த உடனே போல்ட்டை முடுக்கியிருக்க வேண்டும். நான் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தட்டிப் பார்த்தேன். பின்சீட்டில் பேச்சு நின்ற பிறகுதான் எர்த்துக்கு வந்தேன். வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது. நான் வேகமாகத்தான் ஓட்டினேன். கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாமே என்றார் டாக்டர்.

மகள் என் தோளில் சாய்ந்துதான் அழுதாள். புது வீட்டை வேண்டாமென்று சொல்லிவிட்டோம். அவளுக்கு வேளாவேளைக்கு நானே சமைத்துப் போட்டேன். ஒரு நாள் காலையில் தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, அன்னிக்கு எர்த்தை ஏன் கடைசியாப் பார்த்தீங்க?"

"பதற்றம்மா. கை ஓடலை."

"பதற்றத்துல, கை பழகினதைத்தானே முதல்ல செய்யும்?"

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உங்களிடம் வந்தாள்.

ஆமாம், நான்தான் செய்தேன். போல்ட்டைத் தளர்த்தியது நான், ஆம்புலன்ஸைத் தடுத்தது நான், தள்ள வந்தவரைத் தடுத்தது நான், தெரிந்தே நேரத்தைக் கடத்தியதும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

புகார் கொடுத்த கையோடு அவள் அந்தக் காரிலேயே ஊரை விட்டுப் போய்விட்டாள் என்கிறீர்கள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லக் கூடாதென்று கேட்டுக்கொண்டாளாம். கோபத்தில் சொல்லியிருப்பாள், குழந்தை. ஆனால் அந்த பேட்டரி பழசு, ரொம்ப தூரம் தாங்காது. நடுவழியில் எங்காவது நின்றுவிடும். அப்போது அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? என் போனை மட்டும் கொடுத்துவிடுங்கள், ஐயா. அவள் கூப்பிடுவாள்.