ஒண்ணே முக்கால் மணி நேரம்

"ஹலோ... ஆமா, ஆமா, வாடகை விமான ஆபீஸ்தான்... அடியே, நீயா! ஆஸ்பத்திரி நம்பர்லேர்ந்து கூப்பிட்டா எனக்கு எப்படித் தெரியும்?... ம்... ம்... தானமாக் கொடுத்த இதயத்தோட பெட்டிக்குத்தானே, விமானம் ரெடி. பைலட் ஏறி உக்காந்தாச்சு. காலையிலேர்ந்து மூணு தடவை ஆபீஸ் பையன்கிட்ட கேட்டுட்டே, அக்கா மேல நம்பிக்கை இல்லையா?... யாருக்கு, உங்க ஆஸ்பத்திரியில படுத்திருக்கற லிஃப்ட் மெக்கானிக்குக்கா? பாவம், ஊருக்கெல்லாம் லிஃப்ட் சரி பண்ணினவர், அவராலயே நாலு படி ஏற முடியலையா..."

அக்காவுக்குத் தங்கை பேச்சு என்றால் பாதிக் காது போதும். மீதி கவனம் மேஜை மேலிருந்த புறப்பாட்டுப் பட்டியலில் இருந்தது.

"...என்னது? ஒண்ணே முக்கால் மணி நேரமா? யாரு சொன்னா?... இன்டர்நெட்லயா... ரெண்டு ஏர்போர்ட் பேரையும் போட்டே, ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர், சரி... ஐயோ, அது ஜெட்டுக்குப் போட்ட கணக்குடி! எங்க ஜெட்டு நேத்தே பழுதாயிடுச்சு. இது மூக்குல காத்தாடி சுத்தற சின்ன விமானம்... விமானம் மாறிடுச்சுன்னு உன்கிட்ட சொல்லச் சொன்னேனே, பையன் சொல்லலையா?... 'விமானம் இருக்கு'ன்னு மட்டுமா? நாசமாப் போச்சு!"

பட்டியலின் ஓரத்திலேயே கணக்குப் போட்டாள். பென்சில் முனை உடைந்தது.

"எதிர்க்காத்து வேற... மூணு மணி நேரம் இருபது நிமிஷம் ஆகும். கத்தாதே. இதயம் வெளியில எவ்வளவு நேரம் தாங்கும்?... நாலு மணி நேரம்... இங்க ரோட்டுல இருபது நிமிஷம், அங்க அரை மணி... ஆமா. ஆமாடி. தாண்டுது... அழாதே, கேளு! இங்க, எங்க ஊர் டாக்டருக்குச் சொல்லி இதயத்தை எடுக்காம நிறுத்து, நான் வேற ஜெட்டு பார்க்கறேன்... என்ன, எடுத்துட்டாங்களா?... எப்போ?"

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டி ஓடுபாதைப் பக்கம் திரும்பியது.

"...வந்துடுச்சு. பெட்டி வந்துடுச்சு. பறக்கட்டும், முடிஞ்ச வேகத்துல போகச் சொல்றேன். மெக்கானிக் எங்கே?... தியேட்டர் உள்ளயா? ஓடு! அவர் நெஞ்சுல கத்தி வைக்க வேண்டாம்னு சொல்லு, போனை அப்படியே போட்டுட்டு ஓடுடி!"

போனில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா ரிசீவரோடு ஜன்னலோரம் போனாள். விமானம் கிளம்பி, வெயிலில் சின்னதாகிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பக்கம் யாரோ போனை எடுத்தார்கள்.

"என்னடி, நிறுத்திட்டாங்களா?... யாரு?... மெக்கானிக்கோட சம்சாரமா... இல்லம்மா, ஒண்ணுமில்ல... அவ ஒரு கையெழுத்து வாங்க உள்ள போயிருக்கா... ஆமாம்மா, விமான ஆபீஸ்தான்... கிளம்பிடுச்சு, இப்பத்தான்... எப்போ வருமா?... அவ உங்ககிட்ட எவ்வளவு நேரம்னு சொன்னா?..."

பட்டியல் ஓரத்தில் போட்ட கணக்கைக் கையால் மறைத்தாள்.

"...ஆமா. ஆமாம்மா. ஒண்ணே முக்கால் மணி நேரம்தான்... ஐயோ, எனக்கெதுக்கும்மா நன்றி... வெச்சுடாதீங்கம்மா... ஹலோ?... அம்மா?... ஹலோ?"